படுதாவுக்குப் பின்னால் ஒரு மைக்

எனக்குச் சந்தேகப் புத்தி. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்கிற காரியம். நான் மீன்காரம்மாவின் முகத்தையும் சேர்த்துப் பார்ப்பேன். "உன்னக் கட்டிக்கினு போறவன் தெனம் சத்தியம் பண்ணியே சாவப்போறான்" என்பாள் என் அம்மா. அப்படிப்பட்ட நான் போய்ச் சேர்ந்த இடம் பாட்டுக்காரர்களின் கூட்டம். அந்தக் காலத்து ராயபுரத்தில் பாட்டுக்காரன் சொன்ன நேரத்துக்கு வந்தான் என்று யாராவது சொன்னால், மாதா கோயில் வாசலில் நின்று சிரித்திருப்பார்கள்.

அறுபதுகள் முடிந்து எழுபதுகள் தொடங்கியிருந்த சமயம். எங்கள் பக்கத்தில் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. சாவு விழுந்தால் மூலக்கொத்தளம் சுடுகாடு வரைக்கும் பேண்டு செட் வாசித்துக்கொண்டு போகும். அதே கிளாரினெட்காரர் அங்கிருந்து நேராகக் கல்யாண வீட்டுக்கு ஓடுவார், யூனிஃபார்மைக்கூட மாற்றமாட்டார். வண்ணாரப்பேட்டையில் பக்கீர்மார்கள் டேப் என்கிற தோல்பறையை அடித்துப் பாடுவார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில் சட்டைக்காரர் என்று நாங்கள் சொல்கிற ஆங்கிலோ இந்தியர் வீடுகளிலிருந்து பியானோ கேட்கும். இதற்கெல்லாம் மேல் மெல்லிசைக் குழுக்கள். பகலில் ஹார்பரில் மூட்டை எண்ணுகிறவன் சாயங்காலம் பாங்கோஸ் வாசிப்பான். வெல்டிங் பற்றவைக்கிறவன் கிடார் தூக்குவான். எல்லாக் குழுவுக்கும் ஒரே வேதம்தான்: ரேடியோவில் கேட்ட பாட்டு, கேட்ட மாதிரியே, அதே கட்டையில் வரவேண்டும். அரைக்கட்டை சுருதி இறங்கினாலும் டீக்கடையில் மானம் போய்விடும்.

ஆனால் பாடப் பெண்கள் கிடையாது. குடும்பத்துப் பெண் மேடையேறுவதா? நல்ல கதை! அதனால் ஒவ்வொரு குழுவிலும் பெண் குரலில் பாடுகிற ஆம்பளை ஒருத்தர் இருப்பார். எங்கள் தெருவுக்குப் பக்கத்துக் குழுவில் இருந்தவர் திருவொற்றியூரில் ஒரு ஃபவுண்டரியில் மோல்டர். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு மண்ணில் அச்சுப் பிடிக்கிற வேலை. கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி இருக்கும். கொத்து மீசை. அந்த மீசைக்கு அடியிலிருந்து பதினெட்டு வயசுப் பெண் பாடுவாள். முதல் தடவை கேட்கிறவர்கள் மேடைக்குப் பின்னால் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். வெகுகாலம் அவருக்குத்தான் கைதட்டல் எல்லாம்.

அப்புறம் தண்டையார்பேட்டைக் குழு ஒன்று நிஜமாகவே ஒரு பெண்ணைக் கூட்டிவந்து பாடவைத்தது. அவ்வளவுதான், ஜனங்களின் வாய் மாறிவிட்டது. எங்கள் மோல்டர் மைக் முன்னால் வந்து நின்றால் "மீச பொம்பள! மீச பொம்பள!" என்று கூவினார்கள். குழுவின் தலைவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர், அக்கார்டியன் வாசிப்பார், தன்னைவிடப் பெரிய சங்கீதக்காரன் யானைக்கவுனிக்கு வடக்கே பிறக்கவில்லை என்ற நினைப்பு அவருக்கு. அவர் பெண் தேடிப் புறப்பட்டார். கோயில் பாடகர் குழுவில் நான் பாடுவதைக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

அப்பா இல்லாத வீடு. அண்ணன் ஹார்பரில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் வைத்ததுதான் சட்டம். மாஸ்டரை உட்காரவைத்து டீ கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்: "கோயில் திருநாள்ல நம்ம தெருசனம் முன்னாடி பாடட்டும். ஒருத்தன் கூவக் கூடாது. ஒரே ஒருத்தன் கூவிட்டான்னு வச்சிக்கோ, அன்னியோட பாட்டும் இல்ல, ஒண்ணியும் இல்ல. வூட்டுல குந்திகினு சட்ட தெக்கட்டும்."

சட்டை தைப்பதென்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் எனக்கு வேலை. முழுச் சட்டை தைக்க விடமாட்டார்கள். ஒருத்திக்குக் கை, ஒருத்திக்குப் பை, எனக்குக் காலர். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் காலர், காலர், காலர். நான் தைத்த சட்டையின் முழு உருவத்தை நான் பார்த்ததே இல்லை. எனக்கு அந்த மேடை வேண்டும். பசிக்கிறவனுக்குச் சோறு வேண்டும் என்பது மாதிரி வேண்டும். வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், கல்யாணத்தைவிட எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

ஒத்திகை ஒரு சைக்கிள் கடையின் மாடியில் நடந்தது. முதல் நாள் போனபோதே பார்த்தேன். மூலையில் அந்த மோல்டர் உட்கார்ந்திருந்தார். கையில் இரண்டு கிலுகிலுப்பை. மொராகஸ் என்பார்கள், குலுக்கினால் சரக் சரக்கென்று தாளம் போடும். என்னைக் கூட்டிவந்ததும் மாஸ்டர் அவரை மைக்கிலிருந்து எடுத்து அதில் போட்டுவிட்டார். இவர் இடத்தைத்தான் நான் பிடித்திருக்கிறேன். இவர் எப்படி என்னைச் சும்மா விடுவார்? யாராக இருந்தால்தான் விடுவார்கள்? அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

கவனிக்கக் கவனிக்க எல்லாமே தப்பாகத்தான் பட்டது. நான் பாட வாயைத் திறந்தால் அவருடைய உதடும் அசையும். சத்தம் வராது, காற்று மட்டும் வரும். என்னைப் பாடவிடாமல் பண்ண ஏதாவது முணுமுணுக்கிறாரா என்று தோன்றியது. இன்னொரு நாள் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார்.

"இந்தாம்மா, பனங்கல்கண்டும் அதிமதுரமும். வாயில அதக்கிக்கோ, தொண்டைக்கு நல்லது."

"சரிண்ணே" என்று வாங்கிக்கொண்டேன். வாயில் போடுவேனா? வீட்டுக்குப் போகிற வழியில் கல்கண்டை ஒரு சுவர் ஓரமாகக் கொட்டினேன். எறும்புகள் இழுத்துக்கொண்டு போயின. மறுநாள் வேலைக்குப் போகும்போது அங்கே எறும்பு எதுவும் செத்துக் கிடக்கவில்லை என்பதையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனேன். அதனால் நம்பிக்கை வந்ததா என்றால் அதுவும் இல்லை. எறும்புக்குத் தொண்டை ஏது!

எனக்கு உண்மையான பயம் வேறு. அந்த வருஷம் தெருவெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டைத்தான் மாஸ்டர் எனக்குக் கொடுத்திருந்தார். அதில் கடைசிச் சரணத்தில் ஒரு வரி, படியேறுகிற மாதிரி ஏறி ஏறி உச்சியில் போய் நிற்கும். ஜனங்கள் பாட்டு முழுக்கக் காத்திருப்பது அந்த ஒரு இடத்துக்குத்தான். எனக்கு அந்த இடத்தில் குரல் மெலிந்துபோய், தையல் நூல் மாதிரி பட்டென்று அறுந்துவிடும். ஒரு நாள் வரும், இரண்டு நாள் வராது.

"மாஸ்டர், அரைக்கட்டை எறக்கிக்கலாமே" என்று கெஞ்சினேன்.

"கட்டைய எறக்கினா அது பாட்டு இல்லம்மா, பாட்டோட பொணம்" என்றார். "தண்டையார்பேட்டைக்காரன் காறித் துப்புவான். ஏத்திப் பாடு."

நான் தடுமாறுகிற ஒவ்வொரு தடவையும் மூலையில் மொராகஸ் நின்றுவிடும். திரும்பிப் பார்த்தால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அது மட்டுமா? கொஞ்ச நாளில் மூலையை விட்டு எழுந்து வந்து, எனக்கு நேர் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார ஆரம்பித்தார். நான் பாடும்போது என் முதுகையும் தோளையும் வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தாவணியை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு பாடினேன். பொறுக்க முடியாமல் ஒருநாள் மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன்.

"அந்தாளு என் முதுகப் பாத்துகினே கீறாரு மாஸ்டர். எனுக்குப் புடிக்கல."

மாஸ்டர் சிரித்தார். "அவனா? அவன் தங்கம்மா. நீ பாட்டப் பாரு." அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

அதைவிடப் பெரிய கூத்து, அவர் ஒருநாள் நேராக என்னிடமே வந்து கேட்டது. "ஏம்மா, அந்த உச்சிக்குப் போறதுக்கு முன்னாடி எங்க மூச்சு வாங்குற? வார்த்தைக்கு முன்னாடியா, நடுவுலயா?"

"உனுக்கு எதுக்குண்ணே அது?"

"சும்மாதான். தெர்ஞ்சிக்கத்தான்."

"தெர்ஞ்சிகினு இன்னா பண்ணப்போற?"

மொராகஸை எடுத்துக்கொண்டு ஸ்டூலுக்குப் போய்விட்டார். சும்மா கேட்டாராம். சும்மா கேட்கிற கேள்வியா இது? நான் மூச்சு வாங்குகிற இடம் தெரிந்தால், அந்த இடத்தில் மொராகஸை முன்பின்னாகக் குலுக்கி என்னை முட்டிக்கொள்ள வைக்கலாம் என்று எனக்கு நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

திருநாளுக்கு முந்தின வாரம் சைக்கிள் கடைக்கு எதிர் டீக்கடையில் மூன்று பேர் பெஞ்சில் உட்கார்ந்து தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர், மோல்டர், மூன்றாவது ஆள் மைக் செட் வைக்கிற சவுண்டு சர்வீஸ்காரர். நான் பக்கத்தில் போனதும் பேச்சு நின்றுவிட்டது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் டீயைக் குடித்தார்கள். காலி கிளாஸ் அது, நான் பார்த்தேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "ஏதோ பண்ணப்போறாங்கமா. என்ன மேடயில கவுக்கப் போறாங்க."

"அப்போ பாடாத, போ" என்றாள் அம்மா, மீன் குழம்பைக் கிளறிக்கொண்டே. பாடாமல் இருப்பது என் கையில் இருக்கிற விஷயம் என்று அவள் நினைத்தாள்.

திருநாள் வந்தது. தேர் சுற்றி வந்து, பூசையெல்லாம் முடிந்து, விளக்கு போட்டதும் கச்சேரி ஆரம்பம். கோயில் முன்னால் மேடை, பின்னால் நீலப் படுதா. அந்தக் காலத்து மேடையைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். குழாய் ஸ்பீக்கர்கள் சவுக்குக் கம்பத்தில் தெருவைப் பார்த்துக் கட்டியிருக்கும். மேடையில் நிற்பவருக்கு டிரம்மும் பாங்கோஸும்தான் காதை அடைக்கும், தன் குரல் வெளியே எப்படிப் போகிறது என்று ஒன்றும் கேட்காது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கத்துகிற மாதிரிதான். ஜனங்களின் முகத்தைப் பார்த்துத்தான் பாட்டு எப்படி இருக்கிறது என்று ஊகிக்கவேண்டும்.

நான் முதலில் மொராகஸைத் தேடினேன். ஆள் இல்லை! மோல்டர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு யாரோ ஒரு பையன் குலுக்கிக்கொண்டிருந்தான். "அவரு எங்க?" என்று மாஸ்டரைக் கேட்டேன். "ஜல்பு புட்ச்சிகிச்சாம், வர்ல" என்று சொல்லிவிட்டு அக்கார்டியனை இழுத்தார். எதிரி கண்ணுக்குத் தெரிந்தால் ஒரு தைரியம். தெரியாவிட்டால் எங்கே பார்ப்பது?

அண்ணன் விளக்குக் கம்பத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு ஹார்பர் கூட்டாளிகளோடு நின்றான். அவன் முகத்தைப் பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். அதையேதான் பார்த்தேன். பல்லவி போயிற்று, முதல் சரணம் போயிற்று. கடைசிச் சரணம் வந்தது. மூச்சை வாங்கிக்கொண்டு, மாதாவே என்று ஏறினேன். என் தொண்டைக்குள் என்ன நடந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. டிரம் சத்தத்தில் எனக்கு என் குரல் கேட்கவே இல்லை. ஜனங்கள் முகம் மட்டும் தெரிந்தது. முன் வரிசைப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். எங்கோ ஒருத்தர் கைதட்ட ஆரம்பித்தார், அது அப்படியே தெருக்கோடிவரைக்கும் போயிற்று. கூவலா? ஒருத்தர்கூட இல்லை! அண்ணன் கட்டியிருந்த கையைப் பிரித்துத் தட்டினான். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

இறங்கி வரும்போது கால் தரையில் பாவவில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று படுதாவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே ஸ்டூல் ஒன்று. ஸ்டூலுக்கு முன்னால் ஸ்டாண்டில் ஒரு மைக். அதன் ஒயர் சவுண்டு சர்வீஸ்காரர் மேசைக்குப் போயிற்று. ஸ்டூலிலிருந்து எழுந்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஜல்பு பிடித்து வராமல் போன மோல்டர் சந்துக்குள் நழுவிக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. உதட்டை அசைத்தது, முதுகைப் பார்த்தது, மூச்சு எங்கே என்று கேட்டது எல்லாம் என்னோடு சேர்ந்து, என் மாதிரியே, நான் மூச்சு வாங்குகிற இடத்திலேயே மூச்சு வாங்கிப் பாடுவதற்கு. பாவிகளா! அப்படியென்றால் அந்தக் கைதட்டல் யாருக்கு?

அன்றைக்கு அண்ணன் அல்வாப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தான். "நீ பாடிக்கினே இரு, போ" என்றான். வாழ்நாளில் அவன் என்னிடம் சொன்ன மிகப் பெரிய வார்த்தை அது. அம்மா அழுதாள். என் பங்கு அல்வாவை நான் அப்படியே அம்மாவிடம் தள்ளினேன். நான் வாயை மட்டும் அசைத்தவளாக இருந்தால், இந்த அனுமதி எனக்குக் கொடுத்ததே இல்லை. ஊரான் குரலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் நிற்பது? அண்ணனிடம் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே காலர். சொல்லாவிட்டால் என் நெஞ்சே என்னைத் தின்னும். அந்த உச்சியை நான்தான் பாடினேனா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மறுநாள் முதல் வேலையாகச் சவுண்டு சர்வீஸ்காரரைப் பிடித்தேன். "பின்னாடி மைக் இன்னாத்துக்கு?"

"அது ஸ்பேர்மா. ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணு."

"ஸ்பேருக்கு ஸ்டூல் எதுக்கு?"

"மாஸ்டரக் கேளும்மா, என்ன பேஜாரு பண்ணாத" என்று ஒயரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். மாஸ்டரிடம் போனேன். அவர் மறைக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை.

"ஆமா, வச்சேன். உன் தொண்டைய நம்பி நான் தெருவுல அசிங்கப்படச் சொல்றியா? தோ, நீ அந்த எடத்துக்கு வந்தா உன் மைக்கக் கொஞ்சமா எறக்கி அவன் மைக்க ஏத்தச் சொன்னேன். இன்னா தப்பு?"

"அப்போ பாடினது அவருதானா?"

"எனுக்கு எப்டித் தெரியும்? கொழாய் அத்தினியும் தெருப்பக்கம் கீது. எங்காதாண்ட டிரம்மு. அவனப் போய்க் கேளு. ஜனம் கைத்தட்டிச்சா இல்லியா, அது போதும் எனுக்கு."

இந்த ஆளிடம் இதற்கு மேல் பேசினால் எனக்குத்தான் அசிங்கம் என்று கிளம்பிவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் காலையில் கம்பெனிக்குப் போகுமுன் ராயபுரம் ஸ்டேஷனுக்குப் போனேன். மோல்டர் அங்கேதான் திருவொற்றியூர் ரயிலுக்கு நிற்பார். டிபன் பாக்ஸோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் போனேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"அந்த உச்சிய நீ பாடினியா, நான் பாடினேனா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் வாயே தொறக்கலம்மா."

"டபாய்க்காத. ஸ்டூல் போட்டுக் குந்தியிருந்த. நான் பாத்தேன்."

"குந்தினேன். உன் மைக்க அணைக்கல, என் மைக்கையும் ஏத்தினாங்கோ. ஆனா பாட முடில. எந்தொண்ட போயி ரொம்ப நாளாச்சு. ஃபவுண்டரி மண்ணு, பொகை அல்லாம் தொண்டையில ஏறிகிச்சு. மாஸ்டருக்குத் தெரியாது. தெரிஞ்சா மொராகஸையும் புடுங்கிடுவாரு. அதுக்குத்தான் ஒத்திகையில சத்தம் இல்லாம உதட்ட மட்டும் அசச்சேன்."

நான் நம்புவேனா? "பாடிக் காட்டு" என்றேன்.

"இங்கயா?"

"இங்கதான். இப்பவே."

சுற்றிலும் ஷிப்டுக்குப் போகிற ஆட்கள். அவர் ஒரு தடவை அவர்களைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சரணத்தை எடுத்தார். ஏற ஏறக் குரல் தகரம் மாதிரி கரகரத்தது. உச்சிக்குப் பக்கத்தில் போனதும் ஒரேயடியாகப் பிளந்து, இருமல் வந்து, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். "இன்னா மாமு, சேவலுக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று ஒருத்தன் கேட்டான். எனக்கே பாவமாகப் போயிற்று.

"போதுமா?" என்றார் இருமிக்கொண்டே. "நீதாம்மா பாடின. எவுங்கிட்டயும் சொல்லாத."

நான் சொல்லவில்லை. அன்றைக்கு ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து கம்பெனிவரைக்கும் நடந்தே போனேன், பஸ்கூட ஏறவில்லை. நான்தான் பாடியிருக்கிறேன்! மெய்யாகவே நான்தான்! காலர் தைக்கும்போதெல்லாம் அந்த வரியை முணுமுணுத்தேன், அது சரசரவென்று ஏறியது. ஒரு தடவை ஏறின இடம்தானே, இனிமேல் என்ன பயம் என்று தோன்றிவிட்டது.

அப்புறம் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, எண்ணூர் என்று எத்தனையோ மேடைகள். ஒவ்வொன்றிலும் ஏறுவதற்கு முன்னால் படுதாவைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பாடுவேன். பின்னால் ஒன்றும் இருக்காது. அந்த உச்சி ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை. மோல்டர் கொஞ்ச நாள் மொராகஸ் குலுக்கினார், பிறகு ஷிப்டு மாறிவிட்டது என்று சொல்லி நின்றுவிட்டார். அவர் போனதில் எனக்கு நிம்மதிகூட. என்னைப் பற்றித் தெரிந்த ஒருத்தர் பின்னால் உட்கார்ந்திருப்பது எனக்கு ஒத்துவராது.

அடுத்த தவக்காலத்தில் அம்மாவோடு எண்ணூருக்குச் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரிய வெள்ளி மதியம். கடலோரத்தில் சின்னக் கோயில். அங்கே மீன்காரர்கள் ஆண்டவர் பட்ட பாடுகளை முற்றத்திலேயே நடித்துக் காட்டுவார்கள். அன்றைக்குக் கோயில் மணி அடிக்கமாட்டார்கள், ஆர்மோனியமும் கிடையாது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். சிலுவையிலிருந்து இறக்கின இயேசு சிலைக்கு எதிரே வியாகுல மாதாவின் சுரூபத்தைத் தோளில் தூக்கி வந்து நிறுத்தினார்கள். பக்கத்தில் பாய்த்துணியால் கட்டின மறைப்பு. அதற்குப் பின்னாலிருந்து மாதா மகனைப் பார்த்து அழுகிற பாட்டு எழுந்தது.

பெண் குரல். சுருதிப் பெட்டி இல்லாமல், தானாகவே ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு ஏறியது. என் பாட்டின் உச்சி இருக்கிறதே, அதைத் தாண்டி அதற்கு மேலேயும் போயிற்று. போய், அங்கேயே நின்று அழுதது. சுற்றியிருந்த பெண்களெல்லாம் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூடவே பொறாமையும் வந்தது. இப்படிப் பாடுகிறவள் யார் இந்த ஊரில் என்று பக்கத்திலிருந்த உள்ளூர்க் கிழவி ஒருத்தியைக் கேட்டேன்.

"பொம்பளையா? நல்லா கேட்ட போ! நம்ம ஃபவுண்டரிக்காரருதான். வருசா வருசம் மாதாவுக்கு அவருதான் அழுவாரு. போன வருசமும் அவருதான். அந்தத் தொண்ட ஒரு நாளும் கட்டினதில்ல."

பாட்டு முடிகிறவரைக்கும் என்னால் அசைய முடியவில்லை. முடிந்ததும் கூட்டத்தை இடித்துக்கொண்டு பாய்த்துணிக்குப் பின்னால் போனேன். அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போயிற்று.

"தொண்ட எப்டிண்ணே கீது?" என்றேன். "ஃபவுண்டரி மண்ணு எறங்கிடுச்சா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அன்னிக்குப் பாடினது நீதான?"

"ஆமாம்மா."

"டேசன்ல ஒடஞ்ச மாதிரி பாடினியே?"

"நீ வந்து கேப்பன்னு தெரியும். வூட்ல பாடிப் பாத்துகினுதான் வந்தேன். ஏறிப் பாடறதுகூட செரமம் இல்ல, ஒடச்சிப் பாடறதுதான் செரமம்."

"ஏன்? உன்ன யார் கேட்டது? என்ன ஏமாத்தி உனுக்கு இன்னா வந்திச்சு?" என்று கத்தினேன். பெரிய வெள்ளியன்று அப்படிக் கத்தக்கூடாது. யாரோ உஸ்ஸென்றார்கள்.

"ஆமான்னு சொல்லிருந்தா நீ இன்னா பண்ணிருப்ப? நேரா அண்ணங்கிட்ட சொல்ட்டு, காலர் தெக்கப் போயிருப்ப. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே." பாய்த்துணியைக் காட்டினார். "எனுக்கு இந்த எடம் ஒண்ணு கீதும்மா. வருசத்துக்கு ஒரு நாளுன்னாலும் கீது. யாரும் மீசன்னு கூவ மாட்டாங்கோ. உனுக்கு அந்த மேடைய உட்டா எது கீது?"

எனக்குக் கோபம் அடங்கவில்லை. அதோடு சேர்ந்து அழுகையும் வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். சுற்றிலும் எல்லாப் பெண்களும் அழுதுகொண்டிருந்ததால் என்னை யாரும் ஏனென்று கேட்கவில்லை. அவர் தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

அண்ணனிடம் நான் இதைச் சொன்னதில்லை. அவன் கிரேனை விட்டிறங்கி வெகுகாலமாகிவிட்டது. நான் மேடையேறின கதையை யாராவது ஆரம்பித்தால் இப்போதும் அவன்தான் முந்திக்கொள்வான். "எவ்ளோ மேடைல பாடிட்டா இவ, நான் எல்லாத்துக்கும் போயிருக்கேன். ஆனா அந்த மொதல் திருநாள்ல உச்சியில போய் நின்னா பாரு, அந்த மாதிரி அப்புறம் ஒரு நாளும் வரலப்பா" என்பான். அவனுக்கு எப்போதுமே நல்ல காது.